எண்ணும் படையும்: சிற்றுருப் போர்விளையாட்டுகளில் படையலகு மதிப்பீட்டின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மேசைமீது சிறு படைவீரர் உருக்களைக் கொண்டு ஆடப்பெறும் போர்விளையாட்டுகளில் ஒவ்வொரு படையலகுக்கும் ஒரு புள்ளிமதிப்பு வழங்கப்படுகிறது. அப்புள்ளி, படையலகின் ஆற்றலை அளக்கும் அளவையா, அல்லது ஆடுவோர் இருவர் ஏற்றுக்கொண்ட உடன்பாடா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பிரஷ்யப் படைப்பயிற்சி விளையாட்டு, எச். ஜி. வெல்ஸின் ‘லிட்டில் வார்ஸ்’, பிளெட்சர் பிராட்டின் கடற்போர் விளையாட்டு, 1969க்குப் பிந்தைய பிரித்தானிய விதிநூல்கள் ஆகியன வரலாற்று நோக்கிலும் ஒப்பீட்டு நோக்கிலும் ஆராயப்படுகின்றன. நடுவர் விலகிய இடத்தை நிரப்பவே புள்ளிமதிப்பு வலுப்பெற்றது என்பதும், களமும் எதிரியும் நோக்கமும் அறியாமல் அதனை ஆற்றலின் அளவாகக் கொள்ளல் பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: போர்விளையாட்டு, சிற்றுரு, படையலகு, புள்ளிமதிப்பு, நடுவர், நாற்படை, லான்செஸ்டர் விதி

1. முன்னுரை

சிற்றுருப் போர்விளையாட்டு என்பது ஈயத்தாலோ நெகிழியாலோ வார்க்கப்பட்ட சிறு உருக்களை மேசைமீது அமைத்த நிலப்பரப்பில் நகர்த்தி, அளவுகோலும் பகடையும் கொண்டு ஆடும் ஆட்டமாகும். உருக்கள் பெரும்பாலும் 15 அல்லது 28 மில்லிமீட்டர் அளவில் அமையும். சதுரங்கத்தில் இருவருக்கும் ஒரே பதினாறு காய்கள் கிடைக்கின்றன. இவ்விளையாட்டிலோ ஒருவர் உரோமானியக் காலாட்படையைக் கொண்டுவரலாம். மற்றவர் யானைகளையும் வில்லாளரையும் கொண்டுவரலாம். இருவர் படையும் வேறுபடும்போது ஆட்டம் நேர்மையானது என்று எவ்வாறு கூறுவது? இவ்வினாவுக்கு விடையாக வந்ததே புள்ளிமதிப்பு. ஒவ்வோர் அலகுக்கும் ஒரு விலை. இருவருக்கும் ஒரே மொத்தத் தொகை. அத்தொகைக்குள் அவரவர் தம் படையைத் திரட்டிக்கொள்ளலாம்.

இன்று இம்முறை இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆயினும் இவ்விளையாட்டின் வரலாற்றில் நெடுங்காலம் இத்தகைய விலைப்பட்டியல் இருந்ததில்லை. அது எப்போது, எதனால் தேவைப்பட்டது என்பதை அறிந்தாலன்றி, அது எதை அளக்கிறது என்பதை அறிய இயலாது.

2. நாற்படையும் பண்டை விகிதங்களும்

படைப்பிரிவுகளை ஒன்றற்கொன்று எண்ணால் ஈடுகட்டும் சிந்தனை மிகப் பழையது. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையே சதுரங்கத்தின் பெயருக்கும் காய்களுக்கும் மூலம். மகாபாரதம் கூறும் அக்குரோணி என்னும் படைத்தொகை 21,870 தேர்களையும், 21,870 யானைகளையும், 65,610 குதிரைகளையும், 1,09,350 காலாட்களையும் கொண்டது. அதாவது ஒரு தேருக்கு ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள். இது படையின் கூட்டமைப்பைக் காட்டும் விகிதம். ஆற்றலைக் காட்டும் விகிதமன்று.

ஆற்றல் சார்ந்த ஈடு அர்த்தசாஸ்திரத்தில் காணப்படுகிறது. அந்நூலின் பத்தாம் அதிகரணத்து ஐந்தாம் இயல், ஒரு குதிரைக்கு மூன்று காலாட்களையும், ஒரு தேருக்கோ யானைக்கோ பதினைந்து காலாட்களையோ ஐந்து குதிரைகளையோ வகுக்கிறது. இவ்வீரர் அக்குதிரையை எதிர்த்து நிற்பவரா, அதன் முன்னணியில் நின்று பொருபவரா என்பதில் மொழிபெயர்ப்பாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறு கொண்டாலும், ஐந்து குதிரை பதினைந்து காலாளுக்கு ஈடாவதால் கணக்கு முரணின்றி அமைகிறது. இங்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. இவ்விகிதத்துக்கு முந்திய நான்காம் இயல், ஒவ்வொரு படைக்கும் ஏற்ற நிலம் எது, ஏலா நிலம் எது என்பதை விரித்துரைக்கிறது. மண்ணைப் பேசிய பின்னரே அந்நூல் எண்ணைப் பேசுகிறது. பிற்காலப் புள்ளிப் பட்டியல்கள் பல தவறவிட்ட வரிசை இது.

சதுரங்கம் ஐரோப்பாவில் வேரூன்றியபின் காய்களின் மதிப்பைக் கணிக்கும் முயற்சி அங்கும் தொடர்ந்தது. 1847இல் வெளிவந்த தம் கையேட்டில் ஹோவர்ட் ஸ்டாண்டன், சிப்பாயை 1 எனக் கொண்டு குதிரைக்கு 3.05, மந்திரிக்கு 3.50, யானைக்கு 5.48, இராணிக்கு 9.94 என மதிப்பிட்ட எண்களை வழங்கினார். ஆனால் இவை ஆட்டத்தின் நடுவே ஒரு காயைக் கொடுத்து இன்னொன்றைப் பெறலாமா என்று முடிவுசெய்யத் துணைநிற்கும் எண்கள் மட்டுமே. சதுரங்க ஆட்டக்காரர் எவரும் தம் காய்களை விலைகொடுத்துத் தேர்ந்தெடுப்பதில்லை.

3. நடுவர் இருந்த காலம்

சதுரங்கத்திலிருந்து போர்விளையாட்டு கிளைத்த இடம் செருமானிய நிலம். பிரவுன்ஷ்வைக் அரசவையைச் சார்ந்த கணித ஆசிரியர் யோகான் கிறிஸ்டியான் லுட்விக் ஹெல்விக் 1780இல் தம் போர்விளையாட்டை நூலாக வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களைக் கொண்ட அவருடைய பலகையில் நிலத்தின் தன்மையை வண்ணங்கள் காட்டின; காலாள், குதிரை, பீரங்கி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் காய்கள் இருந்தன. எனினும் பகடை இல்லை. சதுரங்கத்தின் உறுதிப்பாடு அதில் எஞ்சி நின்றது.

அடுத்த மாற்றம் ரைஸ்விட்ஸ் குடும்பத்தாரால் நேர்ந்தது. தந்தை கியோர்க் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் 1812இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியமுக்கு, மாற்றி அடுக்கத்தக்க நிலப்பரப்புத் துண்டுகளைக் கொண்ட மேசையை வழங்கினார். பீரங்கிப்படை அதிகாரியான மகன் 1824இல் விதிகளை நூலாக்கினார். கட்டங்கள் மறைந்து 1:8000 அளவிலான நிலப்படம் வந்தது. ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிடப் போர்க்காலத்தைக் குறித்தது. சேதத்தைப் பகடையும் அட்டவணையும் முடிவுசெய்தன. படைத்தலைமையகத்தின் தலைவர் கார்ல் ஃபான் மியூஃப்லிங் இதனை ஆதரிக்கவே, பிரஷ்யப் படையெங்கும் இது பரவியது.

இவ்விளையாட்டில் சேதக் கணக்கு நுண்மையாக இருந்தும், படைகளைச் சமன்செய்யும் விலைப்பட்டியல் இல்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. களநிலையை வகுப்பவர் நடுவர். பின்வாங்கும் சிறுபடை ஒன்று பெரும்படையைத் தடுத்து நிறுத்தவேண்டிய நிலையைக்கூட அவர் அமைக்கலாம். சிறுபடையின் தலைவர் இறுதியில் அழிந்தாலும், தமக்கு இட்ட பணியை எவ்வளவு செம்மையாக ஆற்றினார் என்பதே மதிப்பிடப்படும். மெய்யான போரில் எதிரி சமமான படையோடு வருவதில்லை. ஆகவே பயிற்சியிலும் சமன்மை நோக்கமாக இல்லை. 1876இல் யூலியுஸ் ஃபான் வெர்டி டு வெர்னுவா இதனை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். அட்டவணைகளைக் குறைத்து, மோதலின் முடிவை நடுவரின் போரனுபவத்துக்கே விட்டார். படையலகின் மதிப்பு அங்கு எழுதப்படாத அறிவாக நடுவரின் உள்ளத்தில் உறைந்திருந்தது.

4. மதிப்பு எண்ணாக மாறுதல்

போர்விளையாட்டு படைமுகாமிலிருந்து இல்லத்துக்கு வந்தபோது நடுவர் கட்டாயமானவராக இல்லை. 1913இல் வெளிவந்த எச். ஜி. வெல்ஸின் ‘லிட்டில் வார்ஸ்’ இம்மாற்றத்தின் தெளிவான சான்று. பொம்மைப் பீரங்கியிலிருந்து மெய்யாகவே சிறு குண்டுகளைச் சுட்டு வீரர் உருக்களை வீழ்த்தும் ஆட்டம் அது. காலாள் ஒரு நகர்வில் ஓரடி செல்லும். குதிரை ஈரடி செல்லும். முடிவில் வெற்றியின் பெருமையை அளக்க வெல்ஸ் ஒரு கணக்கு வைத்தார்: எஞ்சிய பீரங்கி ஒன்றுக்கு 10 புள்ளி, குதிரைவீரருக்கு ஒன்றரை, காலாளுக்கு 1.

இவ்வெண்கள் இன்றைய புள்ளிகளைப் போலத் தோன்றினும், இடத்தால் வேறுபட்டவை. வெல்ஸ் போர் முடிந்தபின் எண்ணினார். இன்றைய ஆட்டக்காரர் போர் தொடங்குமுன் எண்ணுகிறார். முன்னது இழப்பின் கணக்கு; பின்னது விலை. விலையாக மாறிய கணத்தில், எந்த அலகு தன் விலைக்கு மேல் பயன்தரும் என்று தேடும் ஊக்கமும் உடன்பிறந்தது.

1930களில் நியூயார்க்கில் எழுத்தாளர் பிளெட்சர் பிராட் நடத்திய கடற்போர் விளையாட்டு மற்றொரு படிநிலையைக் காட்டுகிறது. ஒரு கப்பலின் மதிப்பை அவர் சூத்திரத்தால் கணித்தார். பீரங்கியின் குழாய் விட்டத்தை இருமடிப்படுத்தி எண்ணிக்கையால் பெருக்குதல், கவசத் தடிப்பு, டார்பிடோக் குழாய்கள், வானூர்திகள் ஆகியவற்றைக் கூட்டுதல், விரைவுக்கேற்பப் பெருக்குதல், எடையைச் சேர்த்தல் எனச் சூத்திரம் அமைந்தது. அம்மதிப்பே கப்பலின் உயிராகவும் இருந்தது: குண்டுபடுந்தோறும் அது குறையும். ஆடுவோரின் கருத்தினின்று நீங்கி, அளக்கத்தக்க கூறுகளிலிருந்து மதிப்பை வருவிக்கும் முயற்சி இது. கப்பலுக்கு இது ஓரளவு பொருந்தியது. ஏனெனில் கடல் பெரும்பாலும் ஒரே தன்மையது. நிலம் அவ்வாறன்று.

1969இல் பிரித்தானியாவில் ‘வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்’ வெளியிட்ட பண்டைக்காலப் போர் விதிகள், முன்பின் அறியாத இருவர் போட்டிக்களத்தில் சந்திக்கும் சூழலுக்கு ஏற்றவையாக வளர்ந்தன. பின்வந்த பதிப்புகளில் வீரரின் பயிற்சித்தரம், கவசம், படைக்கலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் புள்ளி தந்து, கூட்டுத்தொகையை விலையாக்கினர். நடுவர் களநிலையை வகுக்காத இடத்தில், சமன்மையை உறுதிசெய்யும் பணி விலைப்பட்டியலிடம் சென்றது.

சிற்றுருக்களை விற்கும் வணிகமே இம்முறையைத் தோற்றுவித்தது என்னும் வாதமும் எழக்கூடும். விற்பவரே விலைப்புள்ளியையும் வகுக்கும் அமைப்பு இன்று உள்ளதென்பதும், அதில் நலன்முரண் எழ வாய்ப்புண்டு என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் வெல்ஸும் பிராட்டும் பொம்மை வணிகர் அல்லர். எண்ணின் தேவை வணிகத்துக்கு முந்தியது; வணிகம் அதனைப் பயன்படுத்திக்கொண்டது எனல் பொருந்தும்.

5. கூட்டலும் பெருக்கலும்: லான்செஸ்டர் காட்டும் சிக்கல்

கூறுகளுக்குத் தனித்தனிப் புள்ளி தந்து கூட்டும் முறையில் கணிதக் குறை ஒன்று மறைந்துள்ளது. பிரித்தானியப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1916இல் நூலாக வெளியிட்ட போர்ச் சமன்பாடுகள் அதனை வெளிப்படுத்துகின்றன. அனைவரும் அனைவரையும் எட்டிச் சுடக்கூடிய போரில், ஒரு படையின் வலிமை வீரர் எண்ணிக்கையின் இருமடியையும், தனிவீரரின் தரத்தையும் பெருக்கிய அளவில் அமையும். ஒருவருக்கொருவராகப் பொரும் நெருக்கமான போரில் எண்ணிக்கை இருமடியாவதில்லை, அவ்வாறே நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எளிய வீரரைவிடத் தாக்குதலில் இருமடங்கும், தாங்குதிறனில் இருமடங்கும் உடைய சிறப்பு வீரர் ஒருவர் உள்ளார் எனக் கொள்வோம். அவருடைய தரம் 2 × 2 = 4. குறுகிய கணவாயில் ஒருவருக்கொருவராகப் பொருதால் அவர் எளிய வீரர் நால்வருக்கு ஈடு. திறந்த வெளியில் அனைவரும் சுடும் போரிலோ நான்கின் வர்க்கமூலமான இருவருக்கு மட்டுமே ஈடு. அங்கு 10 சிறப்பு வீரரும் 20 எளிய வீரரும் சமநிலையில் அழிவர். அதே வீரர், அதே படைக்கலம்; மதிப்போ இடத்துக்கேற்ப இரண்டாகவும் நான்காகவும் மாறுகிறது.

இனி, தாக்குதலில் ஒன்பது மடங்கும் தாங்குதிறனில் ஒரு மடங்கும் உடைய வீரரைக் கொள்வோம். கூட்டல் முறையில் எளிய வீரரின் விலை 1 + 1 = 2; இவருடைய விலை 9 + 1 = 10; அதாவது ஐந்து மடங்கு. திறந்தவெளிக் கணக்கிலோ ஒன்பதின் வர்க்கமூலமான மூன்று மடங்கே அவருடைய பெறுமதி. ஒருபக்கம் மட்டும் மிகுந்த அலகுகளைக் கூட்டல் முறை திறந்தவெளிப் போருக்கு மிகை விலைக்கு விற்கிறது; தாக்குதலும் தாங்குதலும் ஒத்த அலகுகளுக்கு அத்தகைய மிகை ஏற்படுவதில்லை. எவ்வளவு நுண்மையாகப் புள்ளிகளைத் திருத்தினாலும், களத்தின் இயல்பை அறியாமல் வகுக்கப்படும் ஒற்றை எண் இரு விதிகளையும் ஒருசேர நிறைவுசெய்ய இயலாது.

6. யானையின் விலை

கணிதம் கூறுவதை வரலாறும் உறுதிசெய்கிறது. பொ.ஆ.மு. 280இல் ஹெராக்ளியாவில் பிர்ரஸ் மன்னர் உரோமரை எதிர்த்தபோது, இத்தாலிக்கு அவர் கொணர்ந்த யானைகள் 20 எனப் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். யானையை அறியாத உரோமக் குதிரைகள் மிரண்டன. போர் பிர்ரஸின் பக்கம் திரும்பியது. பொ.ஆ.மு. 202இல் சாமா போரில் ஹன்னிபாலிடம் 80க்கும் மேற்பட்ட யானைகள் இருந்தன எனப் பொலிபியஸ் எழுதுகிறார். சிப்பியோ தம் அணிகளுக்கிடையே வழிகளைத் திறந்துவைத்து, இலகு காலாட்களை அவ்விடைவெளிகளில் நிறுத்தினார். யானைகள் சில அவ்வழிகளில் ஓடி வீணாயின. சில திரும்பித் தம் பக்கத்துக் குதிரைப்படையையே குலைத்தன. இருபது யானை வெற்றிக்குத் துணைநின்றது. எண்பது யானை தோல்வியைத் தடுக்கவில்லை. மாறியது யானையன்று, எதிரியின் அறிவும் அணிவகுப்புமே மாறின.

இச்சிக்கலைத் தீர்க்க விதியாசிரியர் வேறு வழியையும் நாடினர். 1969ஆம் ஆண்டு விதிகளை உருவாக்கியோருள் ஒருவரான பில் பார்க்கர், 1990இல் வெளிவந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாட்டிஸ்’ விதிகளில் புள்ளிகளை அறவே நீக்கினார். ஒவ்வொரு படைக்கும் பன்னிரண்டு அலகுகள்; அவை எவை என்பதை அப்படையின் வரலாறு முடிவுசெய்யும். யானை கனரகக் குதிரைவீரரை வென்றால் அழித்துவிடும். இலகு காலாட்களிடம் தோற்றால் தானே அழியும். மதிப்பு, விலையில் அன்றி உறவில் வைக்கப்பட்டது. ஆயினும் இதன் விலை சுதந்திரம்: ஆட்டக்காரர் தம் விருப்பப்படி படைதிரட்ட இயலாது. ரிச்சர்ட் பாட்லி ஸ்காட்டுடன் இணைந்து அவர் 1993இல் வெளியிட்ட ‘டி பெல்லிஸ் மல்டிடியூடினிஸ்’ என்னும் பெரும்படை விதிகளில் புள்ளிகள் மீண்டும் இடம்பெற்றன. தேர்வுரிமை திரும்பியபோது விலையும் திரும்பியது.

7. புள்ளியை நீக்கிய சோதனை

அண்மைக்காலச் சான்று இன்னும் வெளிப்படையானது. 1983 முதல் ‘வார்ஹாமர்’ விளையாட்டை வெளியிட்டுவரும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம், 2015இல் ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ என்னும் புதிய விளையாட்டைப் புள்ளிகளே இன்றி வெளியிட்டது. ஒரு படையின் உருக்கள் மற்றதைவிட மூன்றிலொரு பங்கு மிகுந்தால், சிறுபடைக்கு எளிய வெற்றிவழி ஒன்று தரப்பட்டது. அதாவது அரக்கனும் ஒன்று, அடியாளும் ஒன்று. சமன்மையை ஆடுவோர் தமக்குள் பேசி முடிக்கவேண்டியதாயிற்று. நெடுநாள் நண்பர் இருவருக்கு இது இயலும். போட்டிக்கு வந்த அயலார் இருவருக்கு அரிது. 2016இல் வெளிவந்த ‘ஜெனரல்ஸ் ஹேண்ட்புக்’ புள்ளிகளை மீட்டுக்கொண்டுவந்தது. எனினும் அவற்றைச் சமன்செய்த ஆட்டத்துக்கு மட்டும் உரியனவாக்கி, கதைவழி ஆட்டத்தையும் தடையற்ற ஆட்டத்தையும் தனித்து நிறுத்தியது. புள்ளி எல்லா ஆட்டத்துக்கும் உரிய உண்மையன்று, ஒருவகை ஆட்டத்துக்கான உடன்பாடு என்பதை அந்நூலின் அமைப்பே ஒப்புக்கொண்டது எனலாம்.

2023இல் வந்த ‘வார்ஹாமர் 40,000’ பத்தாம் பதிப்பு, படைக்கலங்களுக்குத் தனி விலை வைக்காமல் அலகு முழுமைக்கும் ஒரே விலையை வைத்தது. கணக்கு எளிதாயிற்று. ஆனால் கூடுதல் விலையின்றிக் கிடைக்கும் இரு கருவிகளுள் ஒன்று எல்லா நிலையிலும் மேலானதாயின், மற்றதைத் தேர்வதற்குக் காரணம் எஞ்சுவதில்லை.

8. மதிப்பிடும் நெறி

மேற்கண்டவற்றிலிருந்து ஓர் அலகின் மதிப்பை ஆராய்வதற்கான நெறியை வகுக்கலாம். ஆட்டக்காரர் முதலில் செய்வது எதிர்பார்ப்புக் கணக்கு. ஆறுமுகப் பகடையில் 4க்கு மேல் வந்தால் அடி படும், மீண்டும் 4க்கு மேல் வந்தால் காயமாகும், எதிரியின் கவசம் 5க்கு மேல் வந்தால் காக்கும் எனின் (ஒவ்வொன்றிலும் அவ்வெண்ணும் அடங்கும்), ஓர் அடியின் பயன் ½ × ½ × ⅔ = 1/6. ஆளுக்கோர் அடியாக 12 வீரர் தாக்கினால் சராசரி இருவர் வீழ்வர். தாக்குவோர் ஒருவருக்கு 10 புள்ளியும் வீழ்வோருக்கு 15 புள்ளியும் விலையாயின், 120 புள்ளி கொண்ட அலகு ஒரு சுற்றில் 30 புள்ளியை, அதாவது தன் விலையில் காற்பங்கை மீட்கிறது.

இக்கணக்கு தேவையானது, ஆனால் போதுமானதன்று. அதனுடன் மூன்று வினாக்களைச் சேர்த்தல் வேண்டும். அவ்வலகு பயன்தரும் இடத்தை உரிய காலத்தில் அடையுமா? எதிரியிடம் அதற்கு மாற்று உண்டா. உண்டெனில் அம்மாற்றின் விலை என்ன? வெற்றி எதனால் முடிவாகிறது: கொலையாலா, நிலத்தைக் காப்பதாலா? இறுதி வினா பலரால் மறக்கப்படுவது. எவரையும் வீழ்த்தாமல் ஒரு பாலத்தை ஐந்து சுற்றுகள் காத்துநின்ற மலிவான காலாட்படை, எதிர்பார்ப்புக் கணக்கில் சுழியமாகத் தோன்றும். ஆட்டத்தை வென்றதோ அதுவே. ரைஸ்விட்ஸின் நடுவர் அதனை உடனே கண்டிருப்பார்.

9. முடிவுரை

படையலகுகளின் புள்ளிமதிப்பு, போரின் இயல்பிலிருந்து கண்டெடுக்கப்பட்ட அளவையன்று. நடுவர் ஆண்ட பிரஷ்ய விளையாட்டில் அது தேவைப்படவில்லை. வெல்ஸிடம் அது போர்முடிவின் கணக்காக இருந்தது. அயலார் இருவர் சந்திக்கும் போட்டிக்களத்தில் அது விலையாயிற்று. நீக்கப்பட்டபோது, தேர்வுரிமை உள்ள இடங்களிலெல்லாம் மீண்டும் தோன்றியது. நம்பத்தக்க நடுவர் ஒருவர் செய்த பணியை எண்ணிடம் ஒப்படைத்ததன் விளைவு இது. அவ்வெண்ணால் இருவரை மேசைக்கு அழைத்துவர இயலும். எந்த நிலத்தில், எவரை எதிர்த்து, எதன்பொருட்டு என்னும் வினாக்களுக்கு விடைதர இயலாது. புள்ளிகளைத் திருத்துவோர் எண்ணை மட்டும் மாற்றாமல், அது எக்களத்துக்கு, எவ்வகை வெற்றி நோக்கத்துக்கு வகுக்கப்பட்டது என்பதையும் உடன் அறிவிப்பாராயின், ஆட்டத்தின் நேர்மை மேலும் உறுதிப்படும். நிலத்தை முன்வைத்து ஈட்டைப் பின்வைத்த அர்த்தசாஸ்திரத்தின் வரிசை, இவ்வகையில் இன்றைய விதியாசிரியரும் பின்பற்றத்தக்கது.